நான் எழுதிய ஏழாவது நிபந்தனை

எதையும் எழுதி வைத்துக்கொண்டால் தப்பே நடக்காது என்று நம்புகிறவள் நான். என் வாழ்க்கையின் மகா தப்பு முழுக்க முழுக்க எழுத்திலேயே நடந்தது.

2002. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த கையோடு, உலகத்துக்கே வரிசை எண் போட்டுவிடலாம் என்று திரிந்த காலம். ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்ததால், சீர்ச் சாமான்களையும் கொஞ்சம் பழைய தட்டுமுட்டுகளையும் வைக்க, செல்வராஜ் அண்ணாச்சியின் குடோனில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம்.

"நம்ம பூட்டே இருக்கும்மா. சாவி எங்கிட்ட இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திண்டுக்கல்லில் பிறந்தவள் இன்னொருத்தர் பூட்டை நம்புவதா? (எங்கள் ஊரில் அவரவர் பூட்டு அவரவர் மானம்.) தேங்காய் கனத்தில் ஒரு பூட்டு வாங்கினேன். முத்திரைத்தாளில் பதினோரு நிபந்தனைகளோடு ஒப்பந்தமும் நானே அடித்தேன். ஏழாவது: 'பூட்டும் சாவியும் எங்களுடையவை. உள்ளே உள்ளவற்றின் பாதுகாப்புக்கும் உரிமையாளருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.' அண்ணாச்சி அதை மட்டும் இரண்டு முறை வாசித்துவிட்டு, சட்டென்று கையெழுத்துப் போட்டார். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.)

அதோடு விட்டேனா? உள்ளே இருந்த முப்பத்திரண்டு பொருள்களுக்கும் பட்டியல் அடித்து, பார்க்க வசதியாகக் கதவுக்கு வெளியே ஒட்டினேன். 'நிலை' என்று ஒரு கட்டம் வேறு. பித்தளை அண்டா – புதிது. அம்மாவின் மிக்சி – ஓடினால் புகை வரும்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நானும் அம்மாவும் போனோம். பூட்டு கம்பீரமாகத் தொங்கியது. கதவுதான் கீல் பக்கமாகக் கழன்று சாய்ந்திருந்தது. பட்டியலில் 'புதிது' என்றிருந்த ஒவ்வொன்றுக்கும் நேரே நீல மையில் டிக். அவ்வளவும் போயிருந்தன. புகை மிக்சியும் கால் ஆடும் நாற்காலியும் மட்டும் பத்திரம்.

"ஏண்டி, வாரவன் தேடி செரமப்படுவான்னா எழுதி ஒட்டுன?" என்றாள் அம்மா.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "வாட்ச்மேன் பாத்தாராம்மா. லிஸ்ட்டப் பாத்து டிக் அடிச்சு ஏத்தவும், ஒங்க வீட்டு ஆளுகன்னு நெனச்சு அவரும் ஒரு கை பிடிச்சாராம்."

இது போதும், அண்ணாச்சியைப் பொறுப்பாக்கிச் சாமான்களை வாங்கிவிடலாம் என்று வக்கீலிடம் ஓடினேன்.

"சாவி அவருகிட்ட இருந்திருந்தா கேக்கலாம்மா. யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்ககிட்ட சார்."

ஒப்பந்தத்தை வாசித்தவரின் விரல் ஏழாவதில் நின்றது. "இது அவரோட வக்கீல் எழுதுனதா?"

"இல்ல சார்… நான்தான்."

"இம்புட்டு நல்லா அவரோட வக்கீலே எழுதியிருக்க மாட்டாரும்மா."

"ஆனா வாட்ச்மேன் தூக்கிவிட்டாரே சார்!"

"எட்டாவதப் பாரு. 'சாமான்களை ஏற்றி இறக்க வாட்ச்மேன் உதவ வேண்டும்.' ஒதவியிருக்காரு."

போலீசுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது, கல்யாணமே நின்றுவிடும் என்று அம்மா ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அந்த மிக்சிய மட்டும் குடுத்துவிடுங்க, போதும்" என்றாராம்.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் கதவில் அத்தான் கையெழுத்தில் ஒரு தாள்: 'மிக்சி – 1. நிலை – இன்னும் புகைகிறது.'

பக்கத்திலேயே, நூலில் கட்டி ஒரு நீலப் பேனா.