லவுஞ்ச் வாசலில் நானும் ஒரு பையும்

“…அப்படின்னா நீங்க இங்கயே பையப் பாத்துகினு உக்காருங்க, நான் மட்டும் உள்ள போயிட்டு வந்துடறேன்” என்று என் மனைவி பத்மா சொன்னபோது, அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் கலவரப்படுத்தியது. இடம்: சென்னை விமான நிலையத்தில் லவுஞ்ச் என்கிற சாப்பாட்டுக் கூடத்தின் வாசல். நேரம் மத்தியானம் ஒரு மணி. இரண்டு பேரும் காலையிலிருந்து பட்டினி. பட்டினி போட்டவன் நான்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னை யாராவது போனில் ‘சார்’ என்று கூப்பிட்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. ஆரணியில் என்னை ‘அட்டைக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டுத் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு டிசைன் அட்டை அடித்துக் கொடுப்பது என் தொழில். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, அங்கே இழை எழும்பும். (ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கழுத்து இருக்காது. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் ஒருவர் அப்படி ஒரு மயிலை வைத்துக்கொண்டு இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.) ஓட்டையை எண்ணியே வயிறு வளர்த்த எனக்கு ஒரு நாள் போன் வந்தது. “சார், உங்களுக்கு டிராவல் கார்டு அப்ரூவ் ஆயிருக்கு சார்.” ஒரே வாக்கியத்தில் இரண்டு சார். நான் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன்.

வருடக் கட்டணம் வரியோடு ஆயிரத்து நூற்றெண்பது ரூபாய். முதல் மூன்று மாதத்தில் அறுபதாயிரம் ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் ஐயாயிரம் பாயிண்ட். பாயிண்டைக் கொடுத்து விமான டிக்கெட் வாங்கலாம். ஏர்போர்ட் லவுஞ்சில் ராஜ விருந்து, இலவசம்.

பத்மா சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கூலிக்குக் குஞ்சம் கட்டுவது அவள் வேலை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, “வருஷத்துக்கு எத்தினி வாட்டிங்க நாம ஏரோப்ளேன் ஏறுறோம்?” என்றாள்.

இந்த மாதிரிக் கார்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த ஒரு கேள்வி போதும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அதற்கு விடை பூஜ்யம். ஆனால் பெண் பார்க்கப் போன அன்றைக்கே, யாரும் கேட்காமல், “உன்ன ஏரோப்ளேன்ல கூட்டிகினு போவேன்” என்று அவளிடம் சொல்லிவைத்தவன் நான். அந்த வார்த்தை இருபத்திரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. அதனால் அவள் கேள்வியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்: கார்டு இல்லாததால்தானே ஏறவில்லை?

“எங்கிட்டயும்தான் ஒரு கார்டு இருக்குது” என்றாள். குஞ்சக் கூலி வந்து விழுகிற வங்கிக் கணக்கோடு சும்மா வந்த கார்டு அது. நான் சிரித்துவிட்டு, “அது ஏடிஎம்ல ஐந்நூறு ரூவா எடுக்கிற கார்டு பத்மா. இது பறக்கிற கார்டு” என்றேன். (இந்த வாக்கியத்தை எந்த நேரத்தில் சொன்னேனோ.)

கார்டு வந்தது. தேய்க்கத்தான் இடம் இல்லை. டீக்கடையில் நீட்டினால் பாலாடையை வழிக்கக் கொடுத்தது போலப் பார்க்கிறார்கள். இரண்டு மாதத்தில் நாலாயிரம்தான் தேறியது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆரணிக்குக் கல்யாணப் பட்டு எடுக்கத் தினமும் வண்டி வண்டியாக ஜனங்கள் வருகிறார்கள். மஞ்சள் பையில் ரொக்கம் கொண்டுவருகிறார்கள். அவர்கள் எடுக்கிற சேலைக்கு நான் கார்டைத் தேய்த்துவிட்டு ரொக்கத்தை வாங்கிக்கொண்டால்? அவர்களுக்கு நஷ்டமில்லை, எனக்குப் பாயிண்ட். பட்டுக்கடை நண்பர், “எனக்கு இன்னா, பணம் வந்தா சரி” என்றார்.

முதலில் மாட்டியது செய்யாறிலிருந்து வந்த கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுத்து முடித்து, குங்குமம் வைத்து, கல்லாவுக்கு வந்தார்கள். நான் குறுக்கே பாய்ந்து கார்டை நீட்டினேன். பெண்ணின் தாய்மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க கடைக்காரரா?”

“இல்லீங்க.”

“மாப்ள வீட்டுக்குச் சொந்தமா?”

“இல்லீங்க.”

“அப்பறம் எங்க பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவைய நீங்க இன்னாத்துக்கு வாங்குறீங்க?”

கல்யாணப் பெண் என்னைப் பார்த்தாள். (அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. தலை முழுக்க அட்டைத் தூள்.) முகூர்த்தப் புடவைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் பாதிக் கல்யாணம் இருக்கிறது என்பது, பட்டு நெய்கிற ஊரில் பிறந்த எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. “இல்லீங்க, பாயிண்ட்டுக்காக…” என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் அண்ணன், “இன்னா பாயிண்ட்டு?” என்று சட்டைக் கையை மடித்தார்.

நண்பர் நடுவில் புகுந்து விளக்கினார். கடைசியில் ஒரு சமரசம்: முகூர்த்தப் புடவை பக்கமே நான் வரக்கூடாது, அத்தைமார்களுக்கு எடுத்த சேலைகளுக்கு வேண்டுமானால் தேய்த்துக்கொள்ளலாம். அப்படி மூன்று கல்யாணங்களில் அத்தைகளாகவே பார்த்துத் தேய்த்து அறுபதாயிரத்தைத் தொட்டேன். கடைசி அத்தைக்குத் தேய்த்த அன்று நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டிருந்தது. “எந்த ஊரு அத்தைக்கு இன்னா கலரு எடுத்தீங்க?” என்றுதான் பத்மா கதவைத் திறந்தாள்.

ஐயாயிரம் பாயிண்ட் வந்தது. ஐயாயிரம் ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாயிண்டுக்குக் கால் ரூபாயாம். ஆக ஆயிரத்து இருநூற்றைம்பது. அதை எடுக்க ஒரு கட்டணம், நூற்றுப் பதினேழு ரூபாய். வருடக் கட்டணத்தையும் கழித்துப் பார்த்தால், இத்தனை அத்தைகளுக்கும் சேலை எடுத்து நான் அடைந்த நஷ்டம் நாற்பத்தேழு ரூபாய். “சுண்டக்கா கால் பணம், சொமகூலி முக்கால் பணம்” என்றாள் பத்மா. பயந்துபோய்க் கார்டைச் சாமி அலமாரியில் வைத்துக் குங்குமமும் வைத்தேன். நாலு மாதம் அதைத் தொடவே இல்லை.

அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. பத்மாவின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். காட்பாடி போய் ரயில் ஏறினால் ஆறு மணி நேரம். நானோ மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் சென்னை போய், அங்கிருந்து பறப்பது என்று முடிவு செய்தேன். பாயிண்ட் போக மிச்சத்தைக் கையிலிருந்துதான் போட்டேன். ஆனால் டிக்கெட்டைக் காட்டியபோது பத்மா அதை மூன்று முறை படித்தாள். தெரு முழுக்கச் சொன்னாள். புதுப் பட்டுச் சேலையை எடுத்து வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் என்னை நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

அந்தத் தங்கையின் கணவர், அதாவது என் சகலைக்கு, அடிக்கடி பறக்கிற வேலை. “ஆரம்ப கார்டுல ஒண்ணும் தேறாது சகலை” என்று முன்பே சொன்னவர். “லவுஞ்ச்ல ரெண்டு பேரும் சாப்பிடுற போட்டோ எடுத்து அனுப்பறேன்” என்று அவரிடம் சவால் விட்டேன்.

கிளம்பும் காலையில் பத்மா ஒரு டப்பாவில் புளிசாதம் கட்டிப் பையில் வைத்தாள். ராஜ விருந்துக்குப் போகிறவர்கள் புளிசாதம் கொண்டுபோவதா? என் கையாலேயே எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தேன். இட்லியும் வேண்டாம் என்றேன். வழியில் பஸ் நின்றபோது டீ கூடக் குடிக்க விடவில்லை. “வயித்துல எடம் வெச்சுக்கோ” என்றேன்.

லவுஞ்ச் வாசல் வரை வாசனை வந்தது. நான் மார்பை நிமிர்த்திக் கார்டை நீட்டினேன். (ஓரத்தில் குங்குமம்.) அங்கிருந்த பெண் தேய்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். “சார், முந்தின மூணு மாசத்துல இருபதாயிரம் செலவு பண்ணியிருந்தாத்தான் இந்தக் கார்டுக்கு உள்ள விடுவாங்க. நீங்க ஒண்ணுமே பண்ணலயே சார்” என்றாள். மறுபடியும் இரண்டு சார். ஆயிரம் ஓட்டையில் ஒரு ஓட்டை தப்பினால் கண்டுபிடிக்கிறவன், இந்த அட்டையில் இருந்த ஒரே பெரிய ஓட்டையைப் பார்க்கவில்லை.

பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். பத்மா என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வேற கார்டு ஏதாவது இருக்கா சார்?”

நான் பதில் சொல்வதற்குள் பத்மா தன் பர்ஸைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்த ஐந்நூறு ரூபாய்க் கார்டை எடுத்து, “இது ஆவுமாம்மா?” என்று கூச்சத்தோடு நீட்டினாள். தேய்த்தார்கள். அவள் போனில் டிங் என்று ஒரு சத்தம். உள்ளே போக மொத்தமே இரண்டு ரூபாய் பிடித்தம். “வாங்க மேடம். இந்தக் கார்டுக்கு ஒருத்தர்தான்.”

அடுத்த வருடக் கட்டணம் வருவதற்குள் என் கார்டை நிறுத்திவிட்டேன். ஆனால் அன்று அவள் சொன்ன வாக்கியத்தை நிறுத்த முடியவில்லை. எங்கள் வீட்டிலும் சகலை வீட்டிலும் இன்றைக்கு வரை நான் எதையாவது பெருமையாகப் பேச வாயைத் திறந்தால், “நீங்க பையப் பாத்துகினு உக்காருங்க” என்றுதான் பதில் வரும்.

அன்று அதைச் சொல்லிவிட்டு அவள் கதவை நோக்கி நாலடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள். என்ன இருந்தாலும் கட்டினவனைப் பட்டினியாக விட்டுவிட்டுப் போக மனசு வருமா என்று எனக்குக் கண் கலங்கியது. குனிந்து பையைத் திறந்தாள். மடித்து வைத்த பட்டுச் சேலைக்கு அடியில் கையை விட்டு, காலையில் நான் எடுத்து மேடைமேல் வைத்த அதே புளிசாத டப்பாவை எடுத்தாள். என் மடியில் வைத்தாள். அதன்மேல் ஒரு ஸ்பூனையும் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.