துணியை விலக்கக் கூடாது!

எங்கள் குவீன்ஸ்லாந்து ஊரான பண்டபெர்க்கில் அந்த மாதம் கரும்பு ஏற்றும் ரயில்களைவிடக் குழந்தைத் தள்ளுவண்டிகள்தான் அதிகமாக ஓடின. எல்லாம் ஒரே இடத்தை நோக்கி. புல்தரையில் பந்துருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பின் பின்கூடம். வெள்ளிக்கிழமை மாலை அங்கே இறைச்சிக் குலுக்கல் நடக்கும். சீட்டு விழுந்தவருக்கு ஆட்டுக்கறியோ கோழியோ கிடைக்கும். சனிக்கிழமை செலஸ்டா அம்மையாரின் தரிசனம். அதில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஆனாலும் சனிக்கிழமைக்குத்தான் கூட்டம்!

செலஸ்டா என்பது ஞானம் பிறந்த பிறகு வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது லொரெய்ன். போன வருடம்வரை வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை விற்றவர். மூடி மறைப்பதில் நல்ல அனுபவம்.

அம்மையாரின் கண்டுபிடிப்பு இதுதான்: இரண்டாவது குழந்தை ஓயாமல் அழுதால் அதன்மேல் ‘மூத்த நிழல்’ விழுந்திருக்கிறது. முதல் குழந்தையின் பொறாமை நிழலாக நீண்டு தொட்டிலை மூடிவிடுகிறதாம். இரண்டாவது குழந்தை உள்ள வீட்டில் மூத்தது ஒன்று இருக்கும் என்று கண்டுபிடிக்க ஞானக்கண் வேண்டுமா, எண்ணத் தெரிந்தால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை அம்மாக்களும் என்னை முறைத்தார்கள். தூக்கமில்லாத கண்கள் முறைத்தால் தாங்காது.

சோதனை முறையும் எளிது. தள்ளுவண்டியை மஸ்லின் துணியால் முழுக்க மூடிக் கொண்டுவர வேண்டும். துணியை விலக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் குழந்தையின் ஒளிவட்டம் கலைந்துவிடுமாம். துணிக்கு மேலே அம்மையார் நூலில் கட்டிய ஊதாக் கல்லைத் தொங்கவிடுவார். கல் நேராக ஆடினால் நிழல் இல்லை. வட்டமாகச் சுற்றினால் நிழல் உண்டு. இதுவரை ஒரு குழந்தைக்குக்கூட அது நேராக ஆடியதில்லை. பாவம், அந்தக் கல்லை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க வேண்டுமே!

என் பக்கத்து வீட்டு ட்ரெவ் – ரோவீனா தம்பதிக்கு இரண்டாவதாக ஹாமிஷ் பிறந்தான். மூத்தவள் விண்ணிக்கு மூன்றரை வயது. ஒரு குழந்தை இருந்தபோது அது குடும்பம். இரண்டானதும் அது தீயணைப்பு நிலையம். ஹாமிஷ் பால் குடிக்க வாய் வைத்த அதே நொடியில்தான் விண்ணிக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஒருத்தி தூங்கினால் இன்னொருவன் விழிப்பான். மூன்று வேளையும் வெஜிமைட் என்ற உப்புப் பசை தடவிய ரொட்டி. சாயங்காலமானால் ஹாமிஷ் எடுக்கும் சுருதியில் என் வீட்டு நாய் ஊளையிடும்.

ட்ரெவ் மின்வேலை பார்ப்பவன். ஊரில் யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும், மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியையும் நம்ப மாட்டான். அப்பேர்ப்பட்டவன் நூலில் தொங்கிய கல்லை மீட்டரே இல்லாமல் நம்பினான். வண்டியில் கட்ட ஒரு கல்மாலை, வாரம் ஒரு தரிசனம், கூடவே ஒரு கட்டளை: “நிழல் விலகுறவரைக்கும் மூத்தவளைக் குழந்தை பக்கம் அண்ட விடாதீங்க.”

அன்று முதல் விண்ணியின் பகல் பொழுதெல்லாம் என் வீட்டில்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை நல்ல வெயில். புல்வெளியில் தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்டேன். எந்தக் குழந்தையும் பாய்ந்து ஓடும். விண்ணி மாமரத்தடியைவிட்டு நகரவில்லை.

“வாடி குட்டி, நனையலாம்!”

“வெயில்ல வரமாட்டேன், டெஸ்.”

“ஏன்டி? உருகிடுவியா?”

“வெயில்ல வந்தா எனக்கு நிழல் வருது. வேலியைத் தாண்டிப் போயிடும். தம்பி அழுவான்.”

ஓடி விளையாட வேண்டிய பிள்ளை, தன் நிழல் யார்மேலும் பட்டுவிடக் கூடாதென்று மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தம்பியைத் தொட ஆசைப்பட்டது குற்றம் என்று அவளாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். இதற்கு ஒரு தரிசனம், ஒரு கல், ஒரு கட்டணம்! நேராக வேலிக்குப் போனேன். ரோவீனா மறுபுறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

கையிலிருந்த குட்டிச் சட்டையை அவள் கொடியில் மாட்டவே இல்லை. அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என் புள்ளைய நானே தள்ளி வெச்சிருக்கேன், டெஸ். தூக்கம் இல்லாத மண்டைக்கு எவ என்ன சொன்னாலும் சரின்னு படுது.”

“ட்ரெவ்கிட்ட சொல்லு.”

“சொன்னா, கல்லைக் கேட்டுச் சொல்றேம்பான்.” மூக்கை உறிஞ்சினாள். திடீரென்று சிரித்தாள். “நேத்து குலுக்கல்ல கோழி ஜெயிச்சுட்டு வந்தான். ஃப்ரீசர்ல கெடக்கு. சத்தமில்ல, அழுகையில்ல. இந்த வீட்டுலயே அது ஒண்ணுதான் சமத்து.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“அந்தச் சமத்தை இன்னிக்குத் தரிசனத்துக்குக் கூட்டிட்டுப் போயேன்,” என்றேன்.

திட்டம் ட்ரெவுக்குத் தெரியாது. கோழிக்குக் கம்பளித் தொப்பி போட்டு, போர்வை சுற்றி, மஸ்லினால் மூடிய வண்டியை அவனே பயபக்தியோடு தள்ளிக்கொண்டு போனான். மேடு பள்ளம் வந்தால் தூக்கி இறக்கினான். ரோவீனா கூடவே நடந்தாள். அவன் கண்ணில் படாமல் பின்னால் ஹாமிஷைத் தோளில் போட்டுக்கொண்டு, விண்ணியையும் அழைத்துக்கொண்டு நான் கிளப்புக்குப் போய்க் கூடத்து வாசலில் நின்றேன். விண்ணி என்னைவிட்டு மூன்றடி தள்ளியே நின்றாள். தம்பி என் தோளில் இருந்தானே!

உள்ளே சாம்பிராணி போல ஏதோ புகைந்தது. மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். காற்றில் கல் தடுமாறுமாம். மழைக்கும் புயலுக்கும் அசையாத கல், மின்விசிறிக்குப் பயந்தது!

ட்ரெவின் முறை வந்தது. செலஸ்டா கண்ணை மூடினார். கல் இறங்கியது. சுற்றியது. சும்மா இல்லை, ராட்டினம் மாதிரி சுற்றியது.

“ஐயோ! போன வாரத்தைவிட மோசம்,” என்றார். துணிக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “என்ன குளிர்ச்சி! மூத்தவளோட பொறாமை பனிக்கட்டியா உறைஞ்சு கெடக்கு.”

“உறைஞ்சிருக்கா?” ட்ரெவுக்கு முகம் வெளுத்தது.

“நெஞ்சுவரைக்கும்.”

ரோவீனா அடக்கமாகக் கேட்டாள்: “குழந்தை ஏதாவது சொல்றானா அம்மா?”

“சொல்றானே! ‘அக்காவை இன்னும் கொஞ்ச நாள் தூரமா வைங்க’ன்னு கெஞ்சுறான்.”

அந்த நேரம் பார்த்து வண்டிக்கடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. குவீன்ஸ்லாந்து வெயில் யாருக்கும் பயப்படாது.

“ரோ, நாப்பி கசியுது,” என்று ட்ரெவ் கிசுகிசுத்தான்.

“தொடாதீங்க!” செலஸ்டா கையை உயர்த்தினார். “அது கண்ணீர்! நிழல் கரைஞ்சு வெளியேறுது!”

கூடமே ‘ஆ’ என்றது. ஒரு அம்மா அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன்.

ரோவீனா துணியை விலக்கினாள்.

நீலத் தொப்பியும் பூப்போட்ட போர்வையுமாக, காலிரண்டையும் தூக்கிக்கொண்டு, மூன்றாம் பரிசு என்ற சீட்டோடு கோழி படுத்திருந்தது.

ட்ரெவ் வண்டிக்குள் குனிந்து பார்த்தான். “என் பையன் எங்கடி?”

“இங்க இருக்கான்டா மடையா!” என்று வாசலிலிருந்து நான் குரல் கொடுத்தேன்.

செலஸ்டா அம்மையாருக்கு ஞானம் வற்றவில்லை. “வண்டியில குழந்தையோட அதிர்வு மிச்சம் இருக்கும். கல்லு அதைத்தான் படிச்சுது.”

“கோழி பேசிச்சே அம்மா! அதுக்கு அக்கா யாரு, முட்டையா?” என்றாள் ரோவீனா. யாரோ ஒருவர் கெக்கலித்தார். “சரி, அதிர்வுதானே? இங்க நிக்கிற வண்டியில நாலைத் திரைக்குப் பின்னாடி கொண்டுபோறோம். ஒண்ணுல மட்டும் குழந்தை, மத்ததெல்லாம் காலி. மூடிக் கொண்டாறோம். எதுல குழந்தைன்னு கல்லை வெச்சுச் சொல்லுங்க. சொல்லிட்டா உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன்.”

அம்மையார் கல்லை உள்ளங்கையில் வைத்துத் தடவிக் கொடுத்தார். “கல்லு களைச்சுப் போச்சு. நாளைக்குத்தான்.”

கல் களைத்துவிட்டதாம்! மலையில் லட்சக்கணக்கான வருடம் சும்மா கிடந்தது, பண்டபெர்க்கில் ஒரு காலைநேரம் வேலை பார்த்ததும் களைத்துவிட்டது!

முதலில் சிரித்தது நெற்றியில் கோழித் தண்ணீர் வைத்துக்கொண்ட அம்மாதான். சிரிப்பு அழுகையானது. “என் பெரியவனை அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேனே!” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிறகு ஒவ்வொருவராகக் கல்மாலைகளைக் கழற்றி மேசைமேல் போட்டார்கள். அம்மையார் சமையலறைக் கதவு வழியாக நழுவினார். ஒருத்தர் மட்டும் என் காதருகே வந்து, “இருந்தாலும், குளிர்ச்சியாத்தானே இருந்துச்சு?” என்றார். கோழியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ட்ரெவ் வாசலுக்கு வந்தான். விண்ணிக்கு முன்னால் மண்டியிட்டான்.

“அப்பா பெரிய தப்புப் பண்ணிட்டேன்டி தங்கம். உனக்கு நிழல் எதுவும் இல்ல. அது பொய். தம்பியைத் தூக்கிக்கிறியா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். ரோவீனா தலையசைத்தாள். பெஞ்சில் உட்காரவைத்து ஹாமிஷை அவள் மடியில் வைத்தோம். அவன் அக்காவை உற்றுப் பார்த்தான். முகம் சிவந்தது. பிறகு கிளப்பின் ஓடு பறக்கும்படி வீறிட்டான்.

விண்ணி விறைத்துப்போனாள். “நான் ஒண்ணும் பண்ணல!”

“தெரியும் செல்லம். அவனுக்குப் பசி,” என்றாள் ரோவீனா.

விண்ணி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“அப்போ பால் குடுங்களேன்!”

அவ்வளவுதான், மகாஜனங்களே! குழந்தை அழுதால் குழந்தையைப் பார்க்க மூன்றரை வயது போதும். கல்லைப் பார்ப்பதற்குத்தான் படிப்பும் வயதும் வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளைமேல் பழிபோட ஒருவர் வந்து கூலியும் கேட்டால், பணப்பைக்குள் கைவிடும் முன் ஒரே ஒரு முறை தலையைச் சொறிந்துகொள்ளுங்கள். உள்ளே ஏதாவது விழித்துக்கொள்ளும்.