வெட்டிச் சொன்ன நைஸ்

சோப்புத் தொழிற்சாலைக்கு வாங்குபவர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதற்குள் எலுமிச்சை சோப்புக்கு மேலாளர் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் ஆய்வுக்கூடத்துப் புதுப் பெண்ணுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்றோடு சரி.

மேலாளர் சோப்பை மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடினார்.

"நைஸ்," என்றார். போய்விட்டார்.

அவள் கணக்குப் பிரிவுக்கு ஓடினாள். மேலாளரின் பேச்சுக்குப் பொருள் சொல்லும் கணக்கர் அங்கேதான் இருந்தார். அவருக்கு அகராதி என்றே பெயர்.

"இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா?"

"வெட்டித்தான் சார்."

"போச்சு! இழுத்தா பிரமாதம்னு அர்த்தம். வெட்டினா ஏதோ குறையுது. நான் லீவு கேட்டப்போ வெட்டித்தான் நைஸ்னார். இன்னும் லீவு வரலை."

"என்ன சார் குறையும்?"

"சோப்புல வேற என்ன? வாசனைதான்."

வாசனை எண்ணெயை இரண்டு மடங்காக்கி, புதிதாக ஒரு சோப்பை அச்சில் அழுத்தினாள்.

"நைஸ்," என்றார் மேலாளர். இம்முறை இழுத்துத்தான். ஆனால் புருவம் உயர்ந்தது.

"புருவமா?" அகராதி உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவுதானா உன் திறமைன்னு கேக்கறார்மா."

மூன்றாவது சோப்பில் பாட்டிலையே கவிழ்த்தாள். காலையிலிருந்து முகர்ந்து முகர்ந்து அவள் மூக்கு மரத்துப் போயிருந்தது.

பேக்கிங் அக்கா அடுக்குத் தும்மல் போட்டாள். "ஏண்டி, சோப்பு செய்யறியா, கொசு விரட்டறியா?"

காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

மேலாளர் மட்டும் அந்த அறையில் நிதானமாக நின்று முகர்ந்தார். "நைஸ்." சிரித்தார்.

அகராதி கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "சிரிச்சாரா? போன தடவை சிரிச்சப்போ ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினார்."

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடிக்கும்போது மேலாளரின் மனைவி உள்ளே வந்தார். கணவர் வீட்டில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடி அவர் கையில் இருந்தது. வந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரும்மா இங்க பாட்டிலை உடைச்சது?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூன்றையும் முகர்ந்துவிட்டு முதல் சோப்பை அவள் கையில் வைத்தார்.

"வாங்க வர்றவருக்கு இதைக் காட்டு. உன்னை நிரந்தரமாக்கியாச்சுன்னு காலையிலயே எனக்குப் போன் பண்ணிட்டாரே, தெரியாதா?"

அவள் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, அன்று முதல்முறையாக மூச்சை முழுதாக விட்டாள். பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அப்போ மத்த ரெண்டையும் ஏம்மா அப்படி முகர்ந்து பார்த்து நைஸ்னார்?"

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ நீட்டினா பாவம் அவர் என்ன பண்ணுவார்? போன ஜலதோஷத்துக்கு அப்புறம் அவருக்கு எந்த வாசனையும் தெரியறதில்லைம்மா."