படத்தில் பச்சைதான்

ஆகாயத்திலிருந்து பார்க்கும் மனிதரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்க முடியாது. தெருவுக்கு நாலு பேர் முளைத்துவிட்டார்கள். மேலே இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறவர் ஆண்டவர் ஒருவர்தான் என்று நம்பி இத்தனை காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அந்த வேலையை எங்கள் மாப்பிள்ளையும் பார்க்கிறார். ஒரே வித்தியாசம், ஆண்டவருக்கு மேகம் மறைப்பதில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் வீட்டுக்காரர். நகராட்சியில் மரங்களைக் கவனிக்கும் பிரிவில் அதிகாரி. செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் விரித்துவைத்துக்கொண்டு, இந்த மரம் பச்சை, சுகமாக இருக்கிறது, அந்த மரம் மஞ்சள், வாடிவிட்டது, அதோ அது சிவப்பு, யார் தலையிலாவது விழுவதற்குள் வெட்டு என்று தீர்ப்புச் சொல்கிறவர். படத்தில் சிவப்பு வந்தால்தான் ரம்பம் கிளம்பும். அதுதான் அங்கே முறை. தெருவில் அவருக்கு ‘மேகம்’ என்று பட்டப்பெயர். ஏனென்றால் எதைக் கேட்டாலும், “மேகம் மறைச்சிருக்கு, அடுத்த படம் வரட்டும்” என்பார்.

குறையாகச் சொல்லவில்லை. போன கோடையில் ஊருக்கு வெளியே மலைச்சரிவில் ஒரு பக்கமே காய்ந்துகொண்டு வந்ததை, யாரும் ஏறிப் பார்ப்பதற்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆட்கள் போய்ச் சருகை அள்ளினார்கள். பக்கத்துச் சரிவு பற்றி எரிந்தபோது இது தப்பித்தது. புண்ணியம்தான். ஆனால் இந்த இனத்துக்கு ஒரு வெற்றி மட்டும் கிடைத்துவிடக் கூடாது. கிடைத்துவிட்டால், மனிதனுக்குக் கண் எதற்கு என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். ஜன்னல் திரையை இழுத்து மூடியிருப்பார்கள். வெளிச்சம் பட்டால் படம் தெரியாதாம். நாம் தலை முதல் கால் வரை நனைந்துபோய், “வெளிய நல்ல மழை” என்று வாசலில் நின்றால், போனைப் பார்த்துவிட்டு, “இல்லையே, இன்னும் அரை மணி நேரம் இருக்கே” என்பார்கள். பழக்கம் முற்றிப்போனால் செய்தித்தாளையே இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். நான் கண்ணால் கண்டேன். பெரிதாகவில்லை என்று அவருக்குக் கோபம் வேறு.

இப்படிப்பட்டவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, நகராட்சி இடத்தில், ஒரு மரம் நின்றது. செத்து வெகுகாலம் ஆகிவிட்ட மரம். அடி உளுத்து, பட்டை கழன்று, பின்னறைக் கூரையின்மேல் சாய்ந்து நின்றது. ஆனால் எங்கிருந்தோ ஒரு கொடி ஏறி அதை அடி முதல் உச்சி வரை போர்த்திவிட்டது. இலை எல்லாம் கொடியுடையது. மரத்துக்கென்று சொந்தமாக ஓர் இலை கிடையாது. அந்தக் கூரைக்கு நேர் கீழேதான் எங்கள் அம்மா, குளியலறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு, கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்.

“ஏங்க, அந்த மரத்த வெட்டச் சொல்லுங்களேன். அம்மா தலைக்கு மேல நிக்குது” என்றாள் தங்கை.

“பச்சையா இருக்கே.”

“அது கொடிங்க!”

“இந்த வார்டுலயே இதுதான் நல்ல மரம். படம் சொல்லுது.”

“திரைய விலக்கிப் பாருங்க. கையை நீட்டினாத் தொடலாம்.”

“பக்கத்துல நின்னு பாத்தா ஒரு மரம்தான் தெரியும். மேலேர்ந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியும்.”

பின்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மாப்ள, உங்க ராக்கெட்டுக்குக் காது இருக்கா?”

“இல்லைங்க அத்தை. படம் மட்டும்தான் எடுக்கும்.”

“அதானே பாத்தேன். காத்தடிச்சா அந்த மரம் முனகுது. எனக்குக் கால்ல வலி, அதுக்கு எங்கயோ!”

சொல்லிவைத்த மாதிரி அன்று மத்தியானமே காற்று கிளம்பியது. வானம் கறுத்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் திறந்தார். வேறென்ன, மேகம் மறைத்திருந்தது.

“அடுத்த படம் வியாழக்கிழமை வந்துரும்” என்றார். அன்று திங்கள்.

“அது வரைக்கும் மரம் நிக்குமான்னு அதையும் உங்க படத்துக்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க” என்ற தங்கை என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீ தலைமாட்டப் பிடி. கட்டிலோட தூக்கிருவோம்.”

மாப்பிள்ளை ஈரமில்லாதவர் அல்ல. ஓடிவந்து கால்மாட்டில் ஒரு பக்கம் பிடித்தார். ஒரு கையில் கட்டில், மறு கையில் போன், கண்ணும் போனில். கதவு நிலையில் என் முட்டி இடித்ததற்கு அவரே காரணம். “பதறாதீங்க மச்சான், போன படத்துலகூடப் பச்சைதான்” என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னார்.

கட்டிலை முன்னறையில் இறக்கி, அம்மாவின் தலையணையைச் சரிசெய்வதற்குள் வீடே அதிர்ந்தது. பின்னறையில், அம்மா படுத்திருந்த இடத்தில், இப்போது மரம் படுத்திருந்தது. “ஆண்டவரே” என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை என்ன செய்தார் என்கிறீர்கள்? போனைத் தடவி, “இன்னும் பச்சையாத்தான் காட்டுது” என்றார். போன வாரம் எடுத்த படம், பாவம், வேறு எதைக் காட்டும்?

அம்மா கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். “நல்லதாப் போச்சு மாப்ள. கூரை போயிருச்சு. இனிமே நான் படுத்திருந்த எடம் உங்க ராக்கெட்டுக்குப் பளிச்சுனு தெரியும்.”

மாப்பிள்ளை மெல்லப் பின்னறைக்குப் போனார். மரத்தை முதல்முறையாகத் தொட்டார். அது கையோடு மாவாக உதிர்ந்து வந்தது. திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “மன்னிச்சிருங்க அத்தை” என்றார். அம்மா அவர் கையிலிருந்த தூளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

திருந்தினாரா? திருந்தினார். இப்போதெல்லாம் ஒவ்வொரு மரத்தையும் நேரிலேயே போய்ப் பார்க்கிறார். போய் முன்னால் நின்று, மரத்தைப் போனில் படம் பிடித்து, தலையைக் குனிந்து அந்தப் படத்தைக் கவனமாகப் பார்க்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாமெல்லாம் அப்படியில்லை என்று சிரிக்கிறீர்கள். சந்தோஷம். அப்படியானால் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் கூரைமேல் இப்போது எது சாய்ந்து நிற்கிறது? அதன் கீழே படுத்திருப்பவர் இன்று காலை என்ன முகத்தோடு எழுந்தார்? அவசரமில்லை, நன்றாகப் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.

அட, அதற்குப் போன் எதற்கு?