அரைப்பேர் அண்ணன் கட்டிய மரதன் காசு

தர்ஷினி, கோகுலன், ரெண்டு பேரும் இதை உட்கார்ந்து வாசியுங்கள். போன வாரம், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரைக்கும் நடக்கப்போகிற நெடுந்தூர ஓட்டத்துக்குக் கட்டணம் கேட்டு வந்து நின்றீர்கள். தொகையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. "ஓடுறதுக்குக் காசா?" என்றேன். "டீசேட் தாறாங்கப்பா, மெடல் தாறாங்கப்பா" என்றான் கோகுலன். "வேற என்ன தாறாங்க?" என்று கேட்டேன். அப்பா கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு இருந்தது பயம், பிள்ளைகளே. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று வாயால் சொன்னால் பாதியில் டிவி பார்க்கப் போய்விடுவீர்கள். பத்திரிகையில் வந்தால் வாசிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் உள்ள மலைகளில் பிறந்த மனிதர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி எங்கள் அரைப்பேர் அண்ணன்தான். இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. குளவிக்குப் பயம், இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், தேயிலைத் தோட்டத்துத் துரையின் ஜீப்புக்குப் பயம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு கோழி திடீரென்று கொக்கரித்தால் அவர் முதலில் எழுந்து ஓடுவார், பிறகுதான் எதற்கு ஓடுகிறோம் என்று யோசிப்பார். அட்டைக்குப் பயந்து காலில் சோப்பு, உப்பு, புகையிலைத் தண்ணி மூன்றையும் பூசிக்கொள்வார். அட்டை அவரிடம் வந்ததில்லை. மனிதர்களும் அவ்வளவாக வந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவரைத்தான் எங்கள் தோட்டத்து விறகுக் காட்டுக்கு வாச்சராகப் போட்டிருந்தார்கள். அவர் காவல் காக்கும் முறையே தனி. ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டு காட்டைப் பார்த்துக் கத்துவார்: "உள்ள யாரும் இருந்தா வெளிய வந்துருங்க! நான் உள்ள வரமாட்டேன்!" உள்ளே விறகு வெட்டிக்கொண்டிருப்பவர்களே இரக்கப்பட்டு, "நாங்கதாண்ணே, பயப்படாதீங்க" என்று குரல் கொடுப்பார்கள். அப்பாடா என்று அவர் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

அந்தக் காட்டில் புலி இருந்தது. சிறுத்தைதான், ஆனால் நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். யுத்த காலம் அது. ரோட்டில் செக் பொயின்ட். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அண்ணனுக்கு அது ஒரு தனிப் பயம். ஆகவே அவர் அதைப் 'புள்ளிக்காரரு' என்பார். மரியாதை குறையாமல். "நேத்து புள்ளிக்காரரு நாயத் தூக்கிட்டாருங்க."

சிரிக்காதீர்கள். அந்த வருடங்களில் எங்கள் எல்லோருக்குமே உள்ளுக்குள் நடுக்கம் இருந்தது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிள்ளை சொன்ன நாளில் வரவில்லை என்றால், யாரிடம் போய்க் கேட்பது, யார் தேடுவார்கள் என்று தெரியாத காலம். நாங்கள் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் எங்களுக்கும் சேர்த்துப் பயந்தார்.

அப்போதுதான் மஸ்கெலியாப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றம் ஒரு மரதன் ஓட்டம் வைத்தது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்தில், ஆரம்பம். அங்கிருந்து நீர்த்தேக்கத்தைச் சுற்றி, காட்டு ரோட்டு வழியே மலையைத் தாண்டி, அடுத்த தோட்டத்துக் கோயிலைத் தொட்டுவிட்டு, அதே வழியில் திரும்பி வர வேண்டும். கட்டணம், ஒரு நாள் சம்பளம். மன்றத்துக்குத் தலைவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாஸ்டர். இலக்கத் துணியை ஓடுகிறவர்களின் நெஞ்சில் ஊசியால் குத்துவது என் வேலை.

அண்ணன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஓடுவதற்கல்ல, சண்டைக்கு.

"மாஸ்டர், கொழுந்து எடுத்தா தொர காசு தாறாரு. ஞாயித்துக்கெழம எடுத்தா கைக்காசு தனியா தாறாரு. மல ஏறி ஓடுறது அதவிட கஷ்டம். நீங்கதான எங்களுக்குக் கைக்காசு தரணும்? எங்ககிட்டயே கேக்குறீங்களே, இது எந்த ஊரு நாயம்?"

"அண்ணை, சும்மா காசு வாங்கேல்ல. வழியில தண்ணி தாறம், குளுக்கோஸ் தாறம். முடிவில பணிசும் வாழைப்பழமும் தாறம்."

"பணிஸ் எங்க கடையிலயும் இருக்கு."

"ரோட்டு வளையிற ஒவ்வொரு முடக்கிலயும் ஒரு ஆள் நிக்கும். கடைசியா ஓடுற ஆளுக்குப் பின்னால மருந்துப் பெட்டியோட வேன் வரும். முடிவில பேர் கூப்பிடுவம். ஆரும் வரேல்லையெண்டால் போய்த் தேடுவம்."

அண்ணனின் முகம் மாறியது. "திருப்பிச் சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் திருப்பிச் சொன்னார்.

"மொடக்குக்கு மொடக்கு ஆளு? காட்டு ரோட்லயுமா? பின்னாடி வேனு?"

"ஓம்."

"வரலைன்னா தேடுவீங்க?"

"ஓமெண்டுறன்."

மடியை அவிழ்த்துக் காசை வைத்தார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. அவருடைய ஒரே மகள் அந்தக் காட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம் முடித்திருந்தாள். புள்ளிக்காரருக்குப் பயந்து இவர் ஒரு தடவைகூட அவள் வீட்டுக்குப் போனதில்லை. வேன் பிடித்துப் போவதென்றால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். மன்றத்துக் கட்டணமோ ஒரு நாள் சம்பளம். இதில் பாதுகாப்பு, தண்ணி, குளுக்கோஸ். இதைவிட மலிவான பயணம் இலங்கையில் உண்டா?

ஓட்டம் தொடங்கியது. எல்லோரும் ஓடினார்கள், அண்ணன் நடந்தார். ஒவ்வொரு முடக்கிலும் நின்று, "நீங்கதான் இந்த மொடக்கு ஆளா? போயிறாதீங்க, நான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்னால் வேன் ஊர்ந்தது. மகளின் லயம் வந்ததும் ரோட்டை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். வேனில் இருந்த நான் போய் எட்டிப் பார்த்தேன். கால் நீட்டிச் சோறு தின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் நான் குத்திய இலக்கம் அப்படியே இருந்தது.

"தம்பி, நான் நின்டுட்டேன். டிரைவரு தம்பியையும் கூப்பிடுங்க, நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு இருக்கு."

அன்று பின்னேரம் அதே வேனில் வந்து இறங்கியவர் நேரே மாஸ்டரிடம் போனார். தோட்டத்தில் கொழுந்து குறைவாக எடுத்தால் அன்றைக்கு அரைப்பேர் போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். அண்ணனின் கணக்கும் அதுதான். "பாதித் தூரந்தான் போனேன். அரைப்பேரு போட்டுக்கிட்டு மீதிக் காசக் குடுங்க." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். களமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் அரைப்பேர் அண்ணன்.

அடுத்த வருடம் கக்கத்தில் ஒரு சேவலோடு வந்தார், மகளுக்குக் கொடுக்க.

"அண்ணை, சேவலோட ஓடேலாது."

"ஏன், சேவலுக்கும் கட்டணம் இருக்கா?"

மாஸ்டர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். சேவலைப் பற்றி ஒன்றும் இல்லை. வழியெல்லாம் பிள்ளைகள் சேவலுக்குத்தான் கைதட்டினார்கள். அந்த வருடமும் மகள் வீட்டோடு ஓட்டம் முடிந்தது, அந்த வருடமும் அரைப்பேர் கேட்டார். வேன்காரர் பழகிவிட்டார். லயத்துக்கு நேரே ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விடுவார், திரும்பும்போது ஏற்றிக்கொள்வார்.

மூன்றாவது வருடம், ஓட்டம் காட்டு ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது பனி இறங்கியது. நீட்டிய கை தெரியாத பனி. முடக்கில் நின்றவர்களுக்கு ரோடே தெரியவில்லை. நான் அந்த வருடம் முடிவு இடத்தில் கயிறு பிடிக்க நின்றேன். ஒவ்வொருத்தராகப் பனிக்குள்ளிருந்து வந்து விழுந்தார்கள். கடைசியில் வேன் வந்தது.

"அரைப்பேர் அண்ணன் எங்க?"

"எங்க இருப்பாரு? மக வீட்ல தின்னுக்கிட்டு இருப்பாரு. ஹோர்ன் அடிச்சுப் பாத்தேன், வெளிய வரல. பனிக்குப் பயந்து ராவைக்கு அங்கயே தங்கிருவாரு."

எல்லோரும் சிரித்தோம். பணிஸ் பங்கிட்டோம்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அண்ணனின் மருமகன். பின்னால் அந்த மகள், கையில் சாப்பாட்டு ஏனம்.

"எங்கப்பா எங்கங்க? இந்த வருசம் ஓடலியா? சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு இம்புட்டு நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்."

கையிலிருந்த பாதிப் பணிஸைக் கீழே வைத்தேன். மாஸ்டர் பெரட்டுக்குக் கூப்பிடுவதுபோலப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொருத்தராக "இருக்கேன்" என்றார்கள். அண்ணனின் சொந்தப் பெயரைக் கூப்பிட்டபோது அது யாரென்றே பலருக்குத் தெரியவில்லை. பதில் இல்லை. ஹட்டன் பேக்கரியில் வேலை செய்த சுனில் என்கிற சிங்கள ஆளின் பெயருக்கும் பதில் இல்லை. களைத்துப்போய் பஸ் ஏறியிருப்பார் என்று கூட்டாளிகள் நினைத்திருக்கிறார்கள். அந்த மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காசு வாங்கினனாங்கள். தேடுவம் எண்டு சொன்னனாங்கள். எழும்புங்கோ" என்றார் மாஸ்டர்.

ஓடிக் களைத்த அத்தனை பேரும் எழுந்தார்கள். முதலாவதாக வந்தவன் கழுத்து மாலையோடு நடந்தான். எங்கள் கோயில் தப்பு மேளங்களை எடுத்துக்கொண்டு அடித்துக்கொண்டே காட்டு ரோட்டுக்குள் போனோம். இந்தப் பக்கம் பார்க்கப் பயம், அந்தப் பக்கம் பார்க்கப் பயம், ஏதாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். ஒவ்வொரு முடக்கிலும் தப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். பனி சொட்டுகிற சத்தம் மட்டும்தான்.

ஒரு முடக்கில் தப்பை நிறுத்தியபோது, கீழே பள்ளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தொண்டை கிழிந்த குரல்.

"யோவ் புள்ளிக்காரரே! கிட்ட வராதீங்க! நான் காசு கட்டி வந்தவன்! ஆளு வருவாங்க! சொல்லிப்புட்டேன், ஆளு வருவாங்க!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கயிறு கட்டி இறங்கினோம். பனியில் கால் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து, கால் முறிந்து கிடந்தது சுனில். முனகல் கேட்டு இறங்கியவர் அண்ணன். மேலே வேன் போகும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. கத்தியிருக்கிறார், இஞ்சின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. ஏறி ஓடியிருந்தால் வேனைப் பிடித்திருக்கலாம். தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. சுனிலின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த நாலு சிங்கள வார்த்தையில், "பய வெண்ட எபா மல்லி", பயப்படாதே தம்பி என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். சொன்னவரின் பல் அடித்துக்கொண்ட சத்தத்தில் தன் கால் வலியே மறந்துவிட்டது என்று சுனில் பிறகு சொன்னார். புள்ளிக்காரர் உண்மையிலேயே வந்தாரா என்று கேட்டோம். அண்ணன் மடியில் வெற்றிலையைத் தேடினார். அவர் பதில் சொல்லாத ஒரே கேள்வி அதுதான்.

இரண்டு பேரையும் மேலே தூக்கி வந்தோம். மகள் அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதாள். மாஸ்டர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் நடுங்கிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"மாஸ்டர், இந்தத் தடவ மக வீட்டுக்குக்கூடப் போய்ச் சேரல. அரைப்பேருக்கும் கொறச்சுத்தான் வரும். மீதிய எப்பத் தருவீங்க?"

அரைப்பேர் அண்ணன் இப்போது இல்லை. மகள் வீட்டில், கட்டிலில் படுத்தபடி, பயப்படாமல் போனார் என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. கொஞ்சம் பயந்திருப்பார்.

ஆகவே பிள்ளைகளே, கட்டணம் தகுமா தகாதா என்று டீசேட்டைத் தொட்டுப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. மெடல் நல்ல மெடலாகவே இருக்கட்டும். நாம் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியுமா, தெரிந்தால் திரும்பி வருவார்களா என்பதற்குத்தான் நான் காசு கொடுப்பேன். நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டு, முடக்குக்கு முடக்கு ஆள் நிற்குமா, பெயர் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். போனை எடுத்த பிள்ளை சிரித்துக்கொண்டே "ஓம் அங்கிள்" என்றது.

அது போதவில்லை எனக்கு. நேற்றுக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, உங்களுக்கும் சொல்லாமல், நானுஓயாவில் இறங்கி அந்த ரோட்டில் தனியாக நடந்தேன். பள்ளம் அதிகமான ஒரு முடக்கில் நின்றேன். பனி ஏறிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கீழே குனிந்து, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

"அரைப்பேரண்ணே!"

கீழே பனிக்குள் ஏதோ மரக்கறித் தோட்டம் போலிருக்கிறது. ஒரு ஆள் குரல் வந்தது. "அப்படி யாரும் இங்க இல்லீங்களே!"

"தெரியுங்க" என்றேன், அவருக்குக் கேட்காத குரலில். சத்தம் கீழே வரைக்கும் போகிறது, கீழேயிருந்து மேலே வரைக்கும் வருகிறது. நுவரெலியாவுக்கு நடந்து போய் உங்கள் இரண்டு பேருக்கும் காசைக் கட்டினேன்.