நடு வளைந்த கார்

கார்க் கதவுக்குக் கீழே, பச்சை பெயிண்டில் சின்னக் கொப்புளம் ஒன்று புடைத்திருந்தது. வெர்னன் அதைத் திருப்புளியால் லேசாகத்தான் தொட்டார். திருப்புளி கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கென் எட்டிப் பார்த்தார். கவென்ட்ரி கார் தொழிற்சாலையில் நாற்பது வருடம் தகரம் தட்டியவர்.

"குத்தாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொல்லலையே."

"சரி, இப்பச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது. மனைவி டோரீன் இனி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்ப மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேனிலவுக்குப் போன அதே கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு தடவை கடற்கரைக்குக் கூட்டிப் போவதாக வெர்னன் வாக்குக் கொடுத்திருந்தார். கார் இருபது வருடமாக ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

ஓட்டையின் மேல் தகரம் வைத்துப் பற்றவைத்தார். சூடு பட்டதும் பக்கத்துத் துரு உதிர்ந்து, கை நுழையும் ஓட்டை தலை நுழையும் ஓட்டையானது. உள்ளே எவனோ பழைய செய்தித்தாளைத் திணித்து, மேலே பூசி மறைத்திருந்தான். கென் அதைப் பிரித்துப் படித்தார்.

"நம்ம ஊர் டீம் அப்பவும் தோத்துருக்குப்பா."

அடுத்த வியாழக்கிழமை கென் திராட்சை வாங்கிக்கொண்டு டோரீனைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் வேறு யோசனை சொன்னார்.

"ஒட்டுப் போட்டு மாளாது. ரெண்டு பக்கத்து அடிச்சட்டத்தையும் ஒரேயடியா அறுத்துடு. புதுசு போட்டுடலாம்."

"கூரை இல்லாத வண்டியாச்சே. அந்தச் சட்டமும் இல்லாம தாங்குமா?"

"தாங்கும்."

தாங்கவில்லை. அறுத்து முடித்ததும் கார் ஒரு முனகல் முனகியது. பழங்கட்டில் போல நடுவில் தொய்ந்தது. அவசரத்தில் வெர்னன் அப்படியே புதுச் சட்டத்தைப் பற்றவைத்தார். அதன்பின் இரண்டு கதவும் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் தலைகுனிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"கார் ஆச்சா?" என்றாள் டோரீன்.

"நடு வளைஞ்சுடுச்சு. கதவு திறக்கல. உன்னை மேல் வழியாத் தூக்கித்தான் உள்ள வைக்கணும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது.

"கல்யாணத்தன்னிக்குத் தூக்கிட்டுப் போறேன்னு வாசப்படியிலயே என்னைக் கீழ போட்டவன் நீ. அவசரப்படாத வெர்னன். நிதானமாப் பண்ணு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவள் இல்லை.

அடக்கம் முடிந்து, வீட்டில் எல்லோரும் தேநீரும் சாண்ட்விச்சுமாக நின்றிருந்தார்கள். வெர்னன் ஷெட்டுக்குள் போய்க் காரின் மேல் கை வைத்து நின்றார். பின்னாலேயே கென் வந்தார்.

"நாப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் நீ," என்றார் வெர்னன். "முட்டுக் குடுக்காம அறுத்தா வளையும்னு உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவை அவளை இதுல உக்கார வைக்கணும்னுதானே கேட்டேன்."

கென் தொப்பியைக் கையில் சுருட்டினார்.

"தெரியும்பா. அன்னிக்கு வியாழக்கிழமை பார்க்கப் போனேன்ல, ஞாயித்துக்கிழமை கார் முடிஞ்சுட்டா, திங்கக்கிழமை காலைல நீ எதுக்காகப் படுக்கையை விட்டு எழுந்திருப்பேன்னு டோரீன் கேட்டா. ரெண்டு வருஷத்துக்காவது உனக்கு வேலை வச்சுட்டுப் போகணும்னு சொன்னா."