ரம்புத்தான் மரமும் என் புதுக் கோடாலியும்

ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசல் ரம்புத்தான் மரத்தைச் சாய்த்து, அந்த இடத்தில் என் லோரியை நிறுத்தாவிட்டால் மீசையை எடுத்துவிடுவேன் என்று வீட்டில் அறிவித்தேன். நான் கத்தினால் சிம்பாங் ரெங்கம் சந்தையில் காய்கறியே வாடும். என் மனைவி செல்வராணி வாடவில்லை.

"அது நான் வெச்ச மரம்."

"லோரி நான் வாங்கினது. ரோட்டோரம் நிறுத்தி நிறுத்திக் கண்ணாடி உடைஞ்சதுதான் மிச்சம்!"

அவள் சிரித்துக்கொண்டே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

கோடாலி வாங்க இரும்புக்கடைக்குப் போனேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. காம்பில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும். தலை ஆடக்கூடாது. ஒவ்வொரு கோடாலிக்கும் குறை சொல்லி, கோபித்து வெளியே நடந்து, திரும்பக் கூப்பிட வைத்து வாங்கினேன். நான் போய்த் தொலைந்தால் போதுமென்று கடைக்காரத் தவுக்கே ஓர் அரத்தையும் இனாமாகக் கொடுத்தார்.

அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளித் தீட்டினேன். அப்புறம் தீட்டுக்கல். கை முடியை மழிக்கிற கூர்! துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். என் தலைக்குக்கூட அவ்வளவு தேய்த்ததில்லை.

செல்வராணி வந்து பார்த்தாள். "அருமையா இருக்குங்க. லோரிக்கு எலுமிச்சம்பழம் வெச்சுப் பூசை போட்டோம். இதுக்குப் போடாம வெட்டி, கால்ல கீல பட்டா?"

நியாயம்தான். கால் என்னுடையது.

"கோயிலுக்கு எடுத்துட்டுப் போலாம். ஐயர்கிட்ட சொல்லிடவா?"

"தட்சணை யார் தர்றது? நானே சூடம் காட்டுறேன்!"

"அப்ப ஹால்ல, சாமி படத்துக்கிட்ட..."

"எண்ணெய் வடிஞ்சா டைல்ஸ் என்னாகும்? மரத்தடியிலயே முடி!"

"பூசைக்கு எனக்கொரு பட்டுப்புடவை?"

"கோடாலிப் பூசைக்குப் பட்டா? ரெண்டு முழம் மஞ்சத்துணி போதும்!"

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அத்தனை பேரமும் படிந்த குஷியில் எனக்கு அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கியது.

ஞாயிறு காலை, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் தலைமையில் தாமான் குடியிருப்புப் பெண்களெல்லாம் ஆஜர். கோடாலி மரத்தில் சாய்ந்திருந்தது. மஞ்சள் துணி மரத்தின் இடுப்பில் இருந்தது.

"என்னடி, துணி அங்க இருக்கு?"

"காம்பெல்லாம் எண்ணெய், வழுக்குதுங்க."

கூட்டம் பார்க்கிற பெருமையில் தேங்காய் உடைத்தேன். சூடம் காட்டினேன். மரத்தைச் சுற்றியும் வந்தேன். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வேட்டியை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தால், மரத்தடியில் விளக்கு எரிகிறது. பேச்சியம்மாள் தன் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொண்டிருக்கிறார்.

"நகருங்கக்கா, வெட்டணும்."

"அலமாக்! அம்மனையா? நீங்களே சூடம் காட்டி உக்கார வெச்சுட்டு?"

செல்வராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கோயில்ல வெச்சுக்கலாம்னுதான் சொன்னேன்கா. இவருதான் கேக்கல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோடாலியை எடுக்க ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"தம்பி," என்றார் பேச்சியம்மாள், "செருப்பக் கழட்டிட்டு வாங்க."

கழற்றினேன்.